டிஃபென்ஸ் விவாதத்துக்கு எம்.பி.யை ரெடி பண்றது எப்படி? டெல்லி ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு

எம்.பி. ஆபீஸ்ல வேலை கிடைச்சிருச்சு, வர்ற செஷன்ல பாதுகாப்பு விவாதம் வருதாம், அண்ணன் நோட்ஸ் ரெடி பண்ணச் சொல்லிட்டார், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, இப்படி ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் யாராவது ஒரு பையனோ பொண்ணோ போன் பண்ணிடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் எழுதியே வெச்சிடலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல நான் சொதப்பினதை சொல்லிடுறேன். என் முதல் டிஃபென்ஸ் பேச்சு 11 பக்கம். ரஃபேல்ல ஆரம்பிச்சு லடாக் போயி அந்தமான் வரைக்கும் ஒண்ணும் விடல, ரெண்டு ராத்திரி தூங்கல. எங்க எம்.பி.க்கு கிடைச்சது 6 நிமிஷம். எழுந்து நின்னு சபாநாயகருக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி, ஒரு குறள், அதுக்கு இங்கிலீஷ்ல விளக்கம், முடிச்சு முதல் பக்கம் பாதி வர்றதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. மீதி பத்தரை பக்கமும் பையோட பையா சவுத் அவென்யூ எம்.பி. வீட்டுக்கு திரும்பி வந்துச்சு. அவர் திட்டல, "ஏம்ப்பா, யாரு பேசப்போறா, எவ்ளோ நேரம்னு கேட்டியா"ன்னு மட்டும் கேட்டார்.

ஸ்டெப் 1: நேரத்தை கணக்கு போடுங்க

மக்களவையில யார் எவ்வளவு நேரம் பேசறதுங்கிறது கட்சிக்கு எத்தனை சீட்டோ அதை வெச்சுதான். அலுவல் ஆய்வுக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல இந்த விவாதத்துக்கு இத்தனை மணி நேரம்னு முடிவு பண்ணுவாங்க, அப்புறம் கட்சி வாரியா பிரிப்பாங்க. 2025 ஜூலை 28, 29ல ஆபரேஷன் சிந்தூர் விவாதத்துக்கு மக்களவையில ஒதுக்கினது 16 மணி நேரம். அதாவது 960 நிமிஷம். 543 சீட்ல 22 வெச்சிருக்கிற திமுகவுக்கு நேர்விகிதமா போட்டா 39 நிமிஷம் வருது. ஒத்த எம்.பி. இருக்கிற கட்சிக்கு ரெண்டு நிமிஷம்கூட தேறாது, சபாநாயகர் மனசு வெச்சு மூணு நாலு நிமிஷம் கொடுத்தாத்தான். அந்த 39லயும் முதல்ல பேசற சீனியர் இருபதை எடுத்துக்குவார், மீதியை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கணும்.

அடுத்தது, பேரைக் கொடுக்கிறது கட்சி. எம்.பி. தானா கையைத் தூக்கினா நடக்காது. ஃப்ளோர் லீடர், அதாவது சபையில கட்சிக்கு தலைவரா இருக்கிறவர், அவர் ஆபீஸ்ல இருந்து லிஸ்ட் போகும், அந்த லிஸ்ட்ல பேர் இல்லைன்னா நீங்க எழுதற நோட்ஸ் வடை மடிக்கத்தான் ஆகும்.

இதுக்கு சசி தரூர் விஷயத்தைவிட நல்ல உதாரணம் இல்ல. பஹல்காம்ல 2025 ஏப்ரல் 22ல 26 பேரை கொன்னாங்க, மே 7ல ஆபரேஷன் சிந்தூர், அதுக்கப்புறம் அரசாங்கம் ஏழு குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்புச்சு. காங்கிரஸ் தன் பக்கத்துல இருந்து நாலு பேர் கொடுத்துச்சு, அதுல தரூர் இல்ல. ஆனா அரசாங்கம் அவரையே ஒரு குழுவுக்கு தலைவராப் போட்டுச்சு, அவரும் அமெரிக்கா, பனாமா, கயானா, பிரேசில், கொலம்பியான்னு போயி இந்தியா பக்கத்தை பேசிட்டு வந்தார். ஜூலைல சபையில விவாதம் வருது, ஐநாவுல வேலை பார்த்த ஆளு, வெளியுறவு நிலைக்குழு தலைவர், இந்த சப்ஜெக்ட்ல அவரைவிட தெரிஞ்சவங்க அந்த பெஞ்சுல எத்தனை பேர்? ஆனா காங்கிரஸ் பேச்சாளர் லிஸ்ட்ல பேர் இல்ல. வாசல்ல பத்திரிகைக்காரங்க மைக்கை நீட்டினப்ப "மௌன விரதம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். அவர் செஞ்சது சரியா கட்சி செஞ்சது சரியாங்கிற சண்டைக்கு நான் வரல. உங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான், சப்ஜெக்ட் தெரியுமாங்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாருங்க.

அதே சமயம் கனிமொழியும் ஒரு குழுவுக்கு தலைவரா ரஷ்யா, ஸ்பெயின் எல்லாம் போனவங்கதான், திரும்பி வந்து சபையில திமுக சார்பா எழுந்து அரசாங்கத்தை கேள்வி கேட்டாங்க, அவங்க கட்சிக்குள்ள யாரும் முறைக்கல. ஏன்னா அவங்க போனது கட்சி சம்மதத்தோட. ரெண்டு பேரும் ஒரே வேலைதான் செஞ்சாங்க, கட்சி கணக்கு வேற.

ஸ்டெப் 2: ஓட்டெடுப்பு உண்டா இல்லையா, இதை முதல்ல கேளுங்க

விதி 193ல வர்ற விவாதம்னா பேச்சு மட்டும், ஓட்டு கிடையாது. விதி 184ன்னா கடைசில ஓட்டெடுப்பு. எதிர்க்கட்சி 184 கேக்கும், அரசாங்கம் 193க்கு இழுக்கும், இந்த இழுபறிலேயே பாதி செஷன் போயிடும். ராஜ்யசபாவுல 267க்கும் 176க்கும் நடக்குறதும் கிட்டத்தட்ட இதே கூத்துதான்.

ஓட்டெடுப்பு இருந்தா கொறடா உத்தரவு வரும். மூணு கோடு போட்டு, அதாவது ரொம்பக் கண்டிப்பான உத்தரவா வந்துச்சுன்னா உங்க எம்.பி. ஆஸ்பத்திரில இருந்தாலும் வந்தாகணும். மீறி ஓட்டுப் போட்டாலோ, சொல்லாம கொள்ளாம வராம இருந்தாலோ, கட்சி 15 நாளைக்குள்ள மன்னிக்கலைன்னா பதவி போயிடும். 1985ல வந்த 52வது திருத்தம், பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். அதுக்கு முன்னாடி இருந்த எம்.பி.க்களோட தைரியமான பேச்சையெல்லாம் எடுத்துட்டு வந்து "அண்ணே நீங்களும் இப்படி பேசுங்க"ன்னு கொடுக்காதீங்க, அவங்க காலத்துல இந்தக் கத்தி தலைக்கு மேல தொங்கல. 1962ல நேருவையே அவர் கட்சி எம்.பி.க்கள் சுத்தி வளைச்சுதான் கிருஷ்ண மேனனை பாதுகாப்பு அமைச்சர் பதவியில இருந்து இறக்க வெச்சாங்க. இன்னைக்கு ஆளுங்கட்சி எம்.பி. ஒருத்தர் அப்படி வெளிப்படையா கிளம்பினா அடுத்த தேர்தல்ல டிக்கெட் இருக்குமான்னு அவர் வீட்டம்மாதான் முதல்ல கேப்பாங்க.

இன்னொண்ணு, புதுசா வர்ற எல்லாருக்கும் இதுல ஒரு குழப்பம் இருக்கு. நம்ம நாட்டுல யுத்தம் பண்றதுக்கும் சரி, வெளிநாட்டோட ஒப்பந்தம் போடுறதுக்கும் சரி, முன்கூட்டி பார்லிமென்ட் ஓட்டு தேவையில்ல. 2008ல அமெரிக்காவோட அணு ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகள் ஆதரவை வாபஸ் வாங்கினப்ப ஜூலை 22ல நடந்தது ஒப்பந்தத்து மேல ஓட்டெடுப்பு இல்ல, நம்பிக்கை ஓட்டெடுப்பு, 275க்கு 256. ஒப்பந்தத்தைப் பத்தி நிஜமாவே படிச்சிட்டு வந்து பேசினவங்க அதுல எத்தனை பேர்னு ரெக்கார்டை எடுத்துப் பாருங்க, ஓட்டுக்கு லஞ்சம்னு சொல்லி சபைக்கு நடுவுல நோட்டுக்கட்டை தூக்கிக் காட்டினதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி கட்சி சொல்லியும் நாற்காலியை விட்டு இறங்கல, மறுநாளே மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கிடுச்சு. எல்லைய மாத்தி நிலத்தைக் கொடுக்கிறதுன்னா மட்டும் அரசியல் சட்டத்தையே திருத்தணும், 2015ல வங்கதேசத்தோட நில எல்லைக்கு 100வது திருத்தம் வந்தது அதனாலதான். கச்சத்தீவுக்கு 1974ல அப்படி எதுவும் செய்யலையேன்னு நம்ம ஊர் எம்.பி.க்கள் ஐம்பது வருஷமா கேக்குறதும் இதை வெச்சுத்தான்.

ஸ்டெப் 3: "இப்ப கேள்வி கேக்குற நேரமா?"ன்னு வரும், பதில் கையில இருக்கணும்

இது கண்டிப்பா வரும், எழுதி வெச்சுக்கோங்க. எம்.பி. பேச ஆரம்பிச்சதும் எதிர் பெஞ்சுல இருந்து "ராணுவத்தை அவமானப்படுத்துறார்"னு ஒரு குரல் கிளம்பும். அந்த நேரத்துல எம்.பி. கையில ஒரு சீட்டு இருந்தா போதும்.

சீட்டுல 1962ஐ எழுதுங்க. சீனா அக்டோபர் 20ல அடிக்க ஆரம்பிச்சிருச்சு, சண்டை நடந்துக்கிட்டு இருக்கு, அப்ப 37 வயசுல ராஜ்யசபாவுல இருந்த வாஜ்பாயி பார்லிமென்ட்டை உடனே கூட்டுங்கன்னு கேட்டார், நேரு கூட்டினார். நவம்பர் 8ல இருந்து 14 வரைக்கும் விவாதம், மக்களவையில மட்டும் 165 பேர் பேசினாங்க. ரகசியமா நடத்தலாமேன்னு யோசனை வந்தப்ப வேண்டாம்னுட்டார் நேரு. மறு வருஷம் ஆகஸ்ட்ல கிருபளானி கொண்டு வந்ததுதான் சுதந்திர இந்தியாவோட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதுக்கு கிடைச்சது 62 ஓட்டு, எதிரா 347. தோத்துச்சு, ஆனா நாலு நாள் பிரதமர் உட்கார்ந்து கேட்டார்.

தமிழ்நாட்டு எம்.பி.ன்னா அதைவிட நல்ல சீட்டு ஒண்ணு இருக்கு, அண்ணா. 1962 ஏப்ரல்ல ராஜ்யசபாவுக்கு போறார், மே மாசம் முதல் பேச்சுலயே திராவிட நாட்டுக்கு சுயநிர்ணய உரிமை கேக்குறார், சபையே கொந்தளிக்குது. ஆறு மாசத்துல சீனப் போர். உடனே அந்தக் கோரிக்கையை ஓரமா வெச்சிட்டு யுத்த முயற்சிக்கு முழு ஆதரவுன்னு அறிவிச்சிட்டார். சரி, அப்படின்னா அரசாங்கம் எது கொண்டு வந்தாலும் தலையாட்டினாரா? இல்ல. பிரிவினை பேசறவங்க தேர்தல்லயே நிக்க முடியாதபடி 16வது திருத்தத்தை கொண்டு வந்தப்ப, 1963 ஜனவரில அதே ராஜ்யசபாவுல எழுந்து எதிர்த்துப் பேசினார். மூணு மாச இடைவெளில ரெண்டும் செஞ்ச ஆள். படைக்கு ஆதரவு ஒரு வாக்கியம், அரசாங்கத்துக்கு கேள்வி வேற வாக்கியம், நடுவுல ஒரு முற்றுப்புள்ளி. பேச்சு எழுதும்போது அந்த முற்றுப்புள்ளியை மட்டும் விட்டுடாதீங்க, ரெண்டையும் ஒரே வாக்கியத்துல குழப்பினா டிவிக்காரன் பாதியை வெட்டிப் போட்டுடுவான்.

அப்புறம் அந்தத் திருத்தம் நிறைவேறிடுச்சு, கட்சியை காப்பாத்தணும்னு திமுக பிரிவினைக் கொள்கையையே கைவிட்டுச்சு. தேசப் பாதுகாப்பு சட்டம் ஒண்ணு ஒரு கட்சியோட கொள்கைப் புத்தகத்தையே மாத்தி எழுத வெச்சதுக்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்ல.

ஸ்டெப் 4: கேள்வி போடுங்க, பேச்சைவிட இதுதான் முக்கியம்

என்னைக் கேட்டா உங்க நேரத்துல பாதி இதுக்குப் போகணும். பேச்சுக்கு கட்சி லிஸ்ட் வேணும், கேள்விக்கு வேண்டாம். எம்.பி. பேர்ல நேரா போகும், கொறடாவும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

மக்களவையில ஒரு நாளைக்கு ஸ்டார் கேள்வி 20, அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வி கேக்கலாம். அந்த இருபது கேள்வியும் சபையில வர்றது அபூர்வம், 11 மணில இருந்து 12 மணிக்குள்ள முடியணுமே. ஸ்டார் இல்லாதது 230, எழுத்துல பதில் வரும். குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள்னு அட்டவணை இருக்கும், வரிசையை குலுக்கல் போட்டுத்தான் எடுப்பாங்க. ஒரு எம்.பி.க்கு ஒரு நாளைக்கு அஞ்சுக்கு மேல ஏறாது, அதுலயும் ஸ்டார் ஒண்ணுதான்.

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு கேள்வி எழுதறது ஒரு கலை. எல்லையில எத்தனை ஏவுகணை நிறுத்தியிருக்கீங்கன்னு கேட்டா நோட்டீஸ் ஆபீஸ் தாண்டாது, தாண்டினாலும் "தேசப் பாதுகாப்பு கருதி வெளியிட இயலாது"ன்னு ஒத்த வரி வரும். அதனால ரகசியமில்லாத, ஆனா அரசாங்கத்துக்கு உறுத்துற இடமா பாருங்க. காலிப் பணியிடம், தாமதம், திருப்பி அனுப்பின பணம், பென்ஷன் நிலுவை, நிலம் எடுத்ததுக்கு கொடுக்காத இழப்பீடு. விமானப் படைக்கு 42 போர் விமான ஸ்குவாட்ரன் வேணும்னு அனுமதி இருக்கு, இருக்கிறது அதைவிட ரொம்பக் குறைவுன்னு நிலைக்குழு ரிப்போர்ட்லயே வந்தாச்சு, 2025 செப்டம்பர்ல மிக் 21ஐயும் ஓய்வுக்கு அனுப்பிட்டாங்க. "எத்தனை குறையுது"ன்னு கேக்காதீங்க, "இந்த ஆர்டர் எந்த தேதில வரணும்னு ஒப்பந்தத்துல இருந்தது, எந்த தேதில வந்துச்சு, தாமதத்துக்கு அபராதம் வசூலிச்சீங்களா"ன்னு கேளுங்க. தேதியும் அபராதமும் ரகசியம்னு சொல்றது அவங்களுக்கு கஷ்டம்.

நம்ம ஊர் சரக்கையும் மறக்காதீங்க. ஆவடி டேங்க் தொழிற்சாலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்து ஆலை எல்லாம் 2021 அக்டோபர் 1ல இருந்து கம்பெனியா மாறிடுச்சு, தொழிலாளிங்க நிலைமை என்னன்னு கேக்கலாம். சூலூர்ல தேஜஸ், தஞ்சாவூர்ல சுகோய். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கிற ஊரெல்லாம் இருக்கு. நான் வேலை பார்த்தப்ப ரிட்டயர்டு ஹவில்தார் ஒருத்தர் வருவார், பேன்ட்டை நல்லா இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் கவர்ல டிஸ்சார்ஜ் புக்கை வெச்சுக்கிட்டு, முன்னாள் படைவீரர் கிளினிக்ல டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றார்னு சொல்லுவார். அடிச்சுப் புடிச்சு அதை ஒரு கேள்வியாக்கினோம். பதில்ல மாவட்டம் வாரியா காலியிடப் பட்டியலே வந்துச்சு. அந்த செஷன்ல எங்க எம்.பி. பேசின பேச்சை யாரும் ஞாபகம் வெச்சுக்கல, அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் போட்டு நூறு பேர் வெச்சிருந்தாங்க.

ஸ்டெப் 5: நிலைக்குழு, அதாவது கேமரா இல்லாத ரூம்

பாதுகாப்புக்கான நிலைக்குழுவுல 31 பேர், மக்களவை 21, ராஜ்யசபா 10. அமைச்சர்கள் இருக்க முடியாது. 1993ல இருந்து இந்த துறைவாரி குழு முறை ஓடுது, ஒவ்வொரு வருஷமும் மாத்தி அமைப்பாங்க. பார்லிமென்ட் அனெக்ஸ்ல கதவை சாத்திட்டு நடக்கும், டிவி கிடையாது, அதனால கட்சிக்காரன் பாக்குறான்னு யாரும் மேஜையைத் தட்ட மாட்டாங்க. செயலாளர், துணைத் தளபதி எல்லாரும் வந்து உட்கார்ந்து பதில் சொல்லணும்.

இதுல பி.சி. கந்தூரி கதையை கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ரிட்டயர்டு மேஜர் ஜெனரல், உத்தராகண்ட் முன்னாள் முதல்வர், பாஜக எம்.பி., அந்தக் குழுவுக்கு தலைவர். அவர் கட்சி ஆட்சி, அவர் கட்சி பட்ஜெட். 2018 மார்ச்ல அவர் குழு ஒரு ரிப்போர்ட்டை சபையில வைக்குது. அதுல ராணுவத் துணைத் தளபதி குழு முன்னாடி சொன்னது அப்படியே இருக்கு: தளவாடங்கள்ல 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் இன்னைக்கு நிலவரத்துக்கு ஏத்தது, அதிநவீனம்னு சொல்ல முடிஞ்சது வெறும் 8 சதவீதம். பட்ஜெட் எங்க நம்பிக்கையை நொறுக்கிடுச்சுங்கிற மாதிரி அந்தத் துணைத் தளபதி பேசினதும் அச்சுல ஏறிடுச்சு. எதிர்க்கட்சி பத்து வருஷம் கத்தியிருந்தாலும் இந்த நம்பர் வெளிய வந்திருக்காது. ஆளுங்கட்சிக்காரர் ஒருத்தர், கொறடா இல்லாத ரூம்ல, சீருடை போட்டவங்களை நேராக் கேட்டதால வந்துச்சு.

அந்த செப்டம்பர்ல குழுவை மாத்தி அமைச்சப்ப தலைவரா வந்தது கல்ராஜ் மிஸ்ரா. வருஷா வருஷம் மாத்துறது வழக்கம்தான், காரணம்னு யாரும் எழுதிக் கொடுக்கல. ஆனா உண்மையைச் சொன்னதுக்கு தண்டனைன்னு எதிர்க்கட்சி தேர்தல் மேடையில சொல்லுச்சு, அவர் மகன் 2019ல காங்கிரஸ்ல சேர்ந்தார்.

உங்க எம்.பி. இந்தக் குழுவுல இருந்தா மீட்டிங்குக்கு முன்னாடி போன வருஷ ரிப்போர்ட்டையும், அதுக்கு அரசாங்கம் என்ன செஞ்சோம்னு கொடுத்த பதில் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. "குழுவின் பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது"ன்னு இருக்கிற வரியெல்லாம் மஞ்சள் மார்க்கர்ல அடிங்க, கேள்வி அங்கதான் இருக்கு. உள்ள நடந்ததை ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாது, உரிமை மீறல் ஆயிடும், உங்க ரூம் மேட்கிட்டகூட வேண்டாம். குழு எதுலயும் இல்லைன்னா கவலையில்ல, ரிப்போர்ட் எல்லாம் பார்லிமென்ட்டோட சன்சத் வெப்சைட்ல ஃப்ரீயாக் கிடைக்குது. உளவுத்துறையைப் பத்தி மட்டும் தேடாதீங்க, ஐபிக்கும் ராவுக்கும் மேல பார்லிமென்ட் குழுவே கிடையாது. மணீஷ் திவாரி 2011ல ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார், அதுவும் காலாவதியாப் போச்சு.

ஸ்டெப் 6: பட்ஜெட்டை நாலாப் பிரிச்சுப் படிங்க

சுருக்கமா சொல்றேன். 2025-26ல பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி. பேப்பர்ல அதை மட்டும் பெருசாப் போடுவான். உள்ள நாலு கணக்கு இருக்கு: அன்றாடச் செலவும் சம்பளமும் 3.12 லட்சம் கோடி, புது தளவாடத்துக்கு 1.80, பென்ஷன் 1.61, மிச்சம் 28 ஆயிரம் கோடி சொச்சம் சிவில் செலவு. அதாவது 100 ரூபாய்ல பென்ஷனுக்கு 24, புதுசா வாங்க 26. இந்த ஒரு கணக்கை எம்.பி. மனப்பாடமா சொன்னாலே பக்கத்து பெஞ்சு திரும்பிப் பாக்கும்.

வெட்டுத் தீர்மானம்னு ஒண்ணு கொடுக்கலாம், கொள்கையையே எதிர்க்கிறதுன்னா மானியத்தை, அதாவது அமைச்சகம் சபைகிட்ட கேக்குற பணத்தை, ஒரு ரூபாயாக் குறைக்கச் சொல்லணும், குறிப்பிட்ட குறையைச் சொல்றதுன்னா 100 ரூபாய் குறைக்கச் சொன்னா போதும். ஆளுங்கட்சி எம்.பி.ன்னா இதைத் தொடவே தொடாதீங்க. பல வருஷம் பாதுகாப்பு மானியம் விவாதமே இல்லாம கில்லட்டின்ல போயிடும், கடைசி நாள் மாலை மொத்தமா ஓட்டுக்கு விட்டு முடிச்சிடுவாங்க, லட்சக்கணக்கான கோடி. கட்சிகளே வேற அமைச்சகத்தை விவாதத்துக்கு கேட்டு வாங்கிக்கிறதும் உண்டு, ஓட்டு அங்கதானே.

ஸ்டெப் 7: சட்டம் வந்தா, உங்க ஆள் மேலயே பாயுமான்னு பாருங்க

பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் எது வந்தாலும் புதுசா சேர்ந்தவங்க முன்னுரையையும் நோக்கத்தையும் படிச்சிட்டு நோட்ஸ் எழுதிடுறாங்க. தப்பு. வரையறைப் பிரிவையும் ஜாமீன் பிரிவையும் படிங்க, படிச்சிட்டு, இதே சட்டம் நமக்குப் புடிக்காத ஒரு முதல்வர் கைக்குப் போனா எங்க எம்.பி. போன மாசம் பேசின பொதுக்கூட்டப் பேச்சு இதுல மாட்டுமான்னு யோசிங்க.

சும்மா பயமுறுத்தல. 2002 பொடா. ராஜ்யசபா மார்ச் 21ல தோற்கடிச்சிருச்சு, வாஜ்பாயி அரசாங்கம் விடல, மார்ச் 26ல கூட்டுக் கூட்டம் கூட்டி 425க்கு 296ன்னு நிறைவேத்திடுச்சு. சிவகாசி எம்.பி.யா இருந்த வைகோ அப்ப கூட்டணியில இருந்தார், சட்டத்தை ஆதரிச்சார். ஜூன் 29ல திருமங்கலத்துல ஒரு கூட்டத்துல விடுதலைப் புலிகளை ஆதரிச்சுப் பேசினார். ஜூலை 11ல அமெரிக்காவுல இருந்து வந்து சென்னை ஏர்போர்ட்ல இறங்கினதும் ஜெயலலிதா அரசாங்கம் அதே பொடாவுல பிடிச்சிருச்சு. கையைத் தூக்கி நாலு மாசம்கூட ஆகல. வேலூர் சிறையில ஒண்ணரை வருஷத்துக்கு மேல. டெல்லில அவர் ஆதரிச்ச அரசாங்கம்தான் ஆட்சியில இருந்துச்சு, ஒண்ணும் செய்ய முடியல, ஏன்னா சட்டத்தை கையில எடுத்தது மாநிலம். வெறும் வாய்வார்த்தை ஆதரவு மட்டும் குற்றமாகாது, பயங்கரவாதத்தை வளர்க்கிற நோக்கம் இருக்கணும்னு 2003 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்துச்சு, 2004 பிப்ரவரில வெளிய வந்தார், அந்த வருஷமே சட்டமும் போச்சு.

கூட்டணிக் கட்சி எம்.பி. ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க இதை இன்னொரு தடவை படிங்க. கூட்டணிக்காக ஓட்டுப் போட வேண்டி வரும், அதைத் தடுக்க உங்களால முடியாது. ஆனா எந்தப் பிரிவுல எங்களுக்கு உடன்பாடு இல்லைன்னு ரெண்டு வரி பேச்சுல ஏத்தி வைக்க முடியும். அவைக்குறிப்புல இருந்தா இருபது வருஷம் கழிச்சும் எடுத்துக் காட்டலாம்.

ஸ்டெப் 8: வேலைக்கு உலை வைக்கிற விஷயங்கள்

எம்.பி.யோட லாகின் பாஸ்வேர்டை வாங்கி வெச்சுக்கிட்டு நீங்களே கேள்வி போடுறது எல்லா ஆபீஸ்லயும் ஒரு காலத்துல நடந்ததுதான். 2023 டிசம்பர் 8ல மஹுவா மொய்த்ராவை மக்களவையில இருந்து வெளியேத்தினதுக்கு சொன்ன காரணத்துல அந்த லாகினை வெளி ஆள் துபாய்ல இருந்து பயன்படுத்தினதும் ஒண்ணு, அதையே தேசப் பாதுகாப்பு விஷயமாவும் ஆக்கினாங்க. காசு வாங்கினேங்கிறதை அவங்க மறுத்தாங்க, 2024ல மறுபடி ஜெயிச்சும் வந்துட்டாங்க, ஆனா எம்.பி.க்கு மக்கள் திரும்ப சீட்டு கொடுப்பாங்க, உதவியாளருக்கு யார் கொடுப்பா? எம்.பி. பக்கத்துல உட்கார்ந்து, அவர் போன்ல ஓடிபி வர, அவரே அழுத்தட்டும்.

பார்வையாளர் பாஸ். ஊர்ல இருந்து வர்றவங்க எல்லாருக்கும் லெட்டர் அடிச்சுக் கொடுத்துடாதீங்க. 2023 டிசம்பர் 13ல கேலரில இருந்து ரெண்டு பேர் குதிச்சு மஞ்சள் புகையை அடிச்சாங்களே, அது ஆளுங்கட்சி எம்.பி. ஒருத்தர் பரிந்துரையில வாங்கின பாஸ். அதுக்கு உள்துறை அமைச்சர் பதில் சொல்லணும்னு கேட்டதுல அந்த செஷன்ல சஸ்பெண்ட் ஆனது ரெண்டு சபையிலயும் சேர்த்து 146 பேர். முதல் லிஸ்ட்ல சேலம் எம்.பி. பார்த்திபன் பேரும் வந்துச்சு, மனுஷன் அன்னைக்கு சபையிலயே இல்ல! அப்புறம் எடுத்துட்டாங்க. உங்க எம்.பி. எந்த நாள் எங்க இருந்தார்னு நோட்டு போட்டு வைங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

தனி ஆள் பேரைச் சொல்லி, அது ராணுவ அதிகாரியோ யாரோ, குற்றம் சாட்டறதுன்னா முன்கூட்டி சபாநாயகருக்கும் அமைச்சருக்கும் நோட்டீஸ் கொடுக்கணும், இல்லைன்னா அவைக்குறிப்புல இருந்து தூக்கிடுவாங்க. பேப்பர் கட்டிங்கை ஆட்டி ஆட்டிப் பேசினா "ஆதாரத்தை உறுதிமொழியோட மேஜையில வைங்க"ன்னு கேப்பாங்க, அப்ப கையெழுத்துப் போடறது உங்க எம்.பி., அதனால அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட ரிப்போர்ட், குழு ரிப்போர்ட், அமைச்சர் போன வருஷம் சொன்ன பதில், இந்த மூணைத் தவிர வேற எதையும் கையில கொடுக்காதீங்க. பார்லிமென்ட் லைப்ரரியில எம்.பி. பேர்ல கேட்டா குறிப்பு தயார் பண்ணித் தருவாங்க, நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல.

ஸ்டெப் 9: இப்ப எழுதுங்க

கிடைச்சது 6 நிமிஷம்னா எழுதறது 4 நிமிஷத்துக்கு. தமிழ்ல பேசினா மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு காப்பி முன்னாடியே போயிடணும், நம்பரை மெதுவா சொல்லச் சொல்லுங்க. நன்றி எல்லாம் கடைசில. முதல் வாக்கியம் ஒரு கேள்வி, அதுக்கு நீங்க நிலைக்குழு ரிப்போர்ட்ல மஞ்சள் அடிச்ச வரி. ரெண்டாவது தொகுதி ஆள் ஒருத்தர், அந்த ஹவில்தார் மாதிரி. மூணாவது கட்சி லைன், அது இல்லாம விட மாட்டாங்க, விடவும் கூடாது, அவர் ஜெயிச்சது அந்தச் சின்னத்துல. நாலாவது அமைச்சர்கிட்ட ஒரே ஒரு குறிப்பான கேள்வி, தேதியோட.

பேசி முடிச்ச அன்னைக்கு ராத்திரியே திருத்தாத அவைக்குறிப்பை எடுத்துப் பாருங்க, "தஞ்சாவூர்" "தானே"ன்னு வந்திருக்கும், திருத்தம் கொடுங்க. அமைச்சர் பதில்ல "பரிசீலிக்கிறோம்", "தகவல் திரட்டப்படுகிறது"ன்னு ஏதாவது சொன்னாரா பாருங்க, அப்படி சொல்லிட்டா அது அரசாங்கம் சபைக்கு கொடுத்த உறுதிமொழி கணக்குல வரும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், அதைக் கண்காணிக்கவே உறுதிமொழிக் குழுன்னு தனியா ஒண்ணு இருக்கு. டிவிக்காரங்க அதுக்குள்ள மறந்திருப்பாங்க, கட்சி மறந்திருக்கும், எம்.பி.யும் மறந்திருப்பார். டைரியை எடுங்க, இன்னைக்கு தேதில இருந்து மூணு மாசம் தள்ளி ஒரு பக்கத்துல கேள்வி நம்பரை எழுதி வைங்க, அந்தத் தேதி வந்ததும் லெட்டர் டைப் பண்ணி கையெழுத்துக்கு நீட்டுங்க.